படித்த மகள் வீட்டில், படிக்காத மகன் வேலையில்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. வேதியியலில் முதல் வகுப்பில் தேறி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. மூன்று போட்டித் தேர்வுகள் எழுதினாள். ஒன்றில் சில மதிப்பெண்களில் வாய்ப்பு நழுவியது. ஒரு தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை கிடைத்தபோது சம்பளம் மிகக் குறைவு என்று சேரவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் மகனோ மின்பணியாளராக இருபது வயதிலேயே சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான். படித்தவர்களிடையே வேலையின்மை அதிகம் என்று நாளிதழில் வந்த செய்தியை வெட்டி இணைத்திருக்கிறேன். அவளைப் படிக்க வைத்தது என் தவறா? அவளிடம் முயற்சி போதவில்லையா? இன்னொரு முதுகலைப் பட்டம் இருந்தால் வேலை கிடைக்கும் என்கிறார்கள்; அதற்குக் கடன் வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் 'இல்லை' என்பதே. மூன்றாவது கேள்விக்கு, இப்போதைக்குக் கடன் வாங்க வேண்டாம் என்பேன். ஆனால் இந்த மூன்று பதில்களை மட்டும் எழுதி அனுப்பினால் உங்களுக்குச் சமாதானம் ஏற்படாது. பட்டதாரிகளுக்கு ஏன் வேலை கிடைப்பதில்லை என்பதை எப்படிப் புரிந்துகொள்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் உங்கள் மகள் அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதும் மாறும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய துணுக்கிலிருந்தே தொடங்குவோம். அது இந்தியாவைப் பற்றிப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு. 2022-ஆம் ஆண்டில் இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 விழுக்காடு. எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து 'படிப்பு வேலையைக் கெடுக்கிறது' என்ற முடிவுக்குப் போவதுதான் பிழை. கணக்கெடுப்பில் ஒருவர் 'வேலையற்றவர்' என்று பதிவாக வேண்டுமானால் அவர் கையில் வேலை இருக்கக் கூடாது, அவர் வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும், கிடைத்தால் செய்யத் தயாராகவும் இருக்க வேண்டும். கணக்கெடுத்த காலத்தில் கொஞ்ச நேரம் மூட்டை தூக்கியவரும், உறவினர் கடையில் கூலியின்றி நின்றவரும் பெரும்பாலும் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுவார்கள். எழுத்தறிவில்லாத ஏழை இளைஞர் வேலை தேடிக்கொண்டு ஆறு மாதம் சும்மா இருக்க முடியாது. அன்றைய சாப்பாட்டுக்கு அன்றே ஏதாவது செய்தாக வேண்டும். எனவே அந்த 3.4 விழுக்காட்டை அவர்களுக்கு நல்ல வேலை கிடைத்திருப்பதற்கான சான்றாகக் கொள்ளக் கூடாது. மற்றவர்களில் பெரும்பாலோர் காத்திருக்க வசதியில்லாமல் எதையாவது பற்றிக்கொண்டவர்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

வேலையின்றி இருப்பதற்கும் ஒரு செலவு உண்டு, அதை யாரோ ஒருவர் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் அதைக் கொடுப்பவர் நீங்கள். உங்கள் வருமானம் இருப்பதால் உங்கள் மகளால் காத்திருக்க முடிகிறது, அவளும் காத்திருக்கிறாள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இளம் பட்டதாரிகளின் வேலையின்மையில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான். அதே பட்டதாரிகளை முப்பத்தைந்து, நாற்பது வயதில் எண்ணிப் பார்த்தால் வேலையற்றவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். பல நாடுகளின் புள்ளிவிவரங்களை ஒன்று சேர்த்துப் பார்த்த பொருளியலாளர்கள், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வருமானம் சராசரியாக 9 விழுக்காடு அளவுக்கு உயர்வதாகக் கண்டிருக்கிறார்கள். உங்கள் மகனின் இன்றைய வருமானத்தை மகளின் இன்றைய பூஜ்யத்தோடு ஒப்பிடுவது, ஓட்டத்தில் ஒருவர் பாதி தூரம் ஓடிவிட்டபோது இன்னொருவர் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து முடிவு சொல்வதைப் போன்றது.

ஆனால் சராசரியைக் காட்டி ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமாகாது. காத்திருப்பு ஏன் இவ்வளவு நீள்கிறது என்பதே உண்மையான கேள்வி.

வளரும் நாடுகள் பலவற்றில் கல்லூரி இடங்கள் பெருகிய வேகத்துக்கும், பட்டதாரியைக் கேட்கும் வேலைகள் பெருகிய வேகத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. கல்லூரி தொடங்க ஒரு கட்டடம், சில ஆசிரியர்கள், ஓர் அரசாணை இருந்தால் போதும். ஒரு தொழில்துறை வேர்விடப் பல ஆண்டுகள் ஆகும். முன்பு தொழில்மயமான நாடுகளில் ஆலைகள் பெருகிய பிறகு அவற்றைச் சுற்றி மேற்பார்வையாளர், கணக்கர், வரைவாளர், வேதியியலாளர், வழக்கறிஞர் என்று படித்தவர்களுக்கான வேலைகள் அடுக்கடுக்காக முளைத்தன. முதல் உலகப் போருக்குச் சற்று முன் பிரிட்டனின் உழைப்பாளர்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் உற்பத்தித் துறையில் இருந்தனர். இன்று வளரும் நாடுகள் பலவற்றில் அந்தப் பங்கு அதில் பாதியைக்கூடத் தொடாமலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. டானி ரோட்ரிக் என்ற பொருளியலாளர் இதைக் காலத்துக்கு முந்திய தொழில் சரிவு என்று விளக்கினார். வயலை விட்டு வெளியேறுவோர் ஆலைக்குப் போகாமல் சிறு கடைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். கட்டட வேலைக்கு உங்கள் மகனைப் போன்ற மின்பணியாளர் வேண்டும், வேதியியலாளர் வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான்.

ஆலைகள் மட்டும் இருந்தால் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். உலகின் பட்டறை என்று பெயரெடுத்த சீனா 1999-இல் உயர்கல்விச் சேர்க்கையை ஒரேயடியாக விரிவாக்கியது. 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9.5 இலட்சமாக இருந்த பட்டதாரிகள் 2023-இல் 1.158 கோடி ஆனார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் 16 முதல் 24 வயது வரையிலான நகர்ப்புற இளைஞர்களிடையே வேலையின்மை 21.3 விழுக்காட்டைத் தொட்டது. ஆகஸ்டில் அரசு அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே நிறுத்தி, மறு ஆண்டு ஜனவரியில் கல்வி பயிலும் மாணவர்களை விலக்கிய புதுக் கணக்கோடு திரும்பி வந்தது. அங்கே ஆலைகள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் பட்டதாரிகள் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். ஆலைக்குத் தேவைப்பட்டது அவர்கள் படித்த படிப்பன்று. அவர்கள் படித்ததும் ஆலைக்குப் போவதற்காக அன்று.

அடுத்து அரசு வேலை. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் மகளின் இரண்டரை ஆண்டுகளில் பெரும்பகுதியை விழுங்கியது இதுதான் என்று நினைக்கிறேன்.

எகிப்தில் 1960-களில் அதிபர் நாசரின் அரசு, பட்டம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அரசு வேலை தரப்படும் என்று உறுதியளித்தது. தொழில்நுட்பப் பள்ளிகளில் தேறியவர்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். விளைவு என்ன? மாணவர்கள் அரசு அலுவலகத்துக்கு உதவும் படிப்புகளைத் தேடிப் போனார்கள். பல்கலைக்கழகங்கள் அவற்றையே பெருக்கின. அரசாங்கத்தின் கருவூலம் மட்டும் அதே வேகத்தில் பெருகவில்லை. வாக்குறுதியை வெளிப்படையாகத் திரும்பப் பெற எந்த அரசுக்கும் துணிவில்லாததால், பணி நியமனத்துக்கான காத்திருப்பை நீட்டிக்கொண்டே போனார்கள். 1980-களில் அது பல ஆண்டுகளாக வளர்ந்துவிட்டது. பட்டம் பெற்றவர் இருபதுகள் முழுவதும் பெயர்ப் பட்டியலில் ஓர் எண்ணாக இருந்தார். அந்த எண்ணை இழந்துவிடக் கூடாது என்பதற்காக வேறு நிரந்தர வேலையில் சேரத் தயங்கியவர்களும் உண்டு.

உறுதிமொழி இல்லாத நாடுகளிலும் இதே வரிசை வேறு பெயரில் நிற்கிறது, அதற்குப் பெயர் போட்டித் தேர்வு. 2015-இல் உத்தரப் பிரதேசத் தலைமைச் செயலகத்தில் 368 பியூன் பணியிடங்களுக்கு 23 இலட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்; அவர்களில் 255 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள், அல்லது வருந்தினார்கள். என் பார்வையில் அந்த விண்ணப்பதாரர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். கடைநிலை அரசு வேலையின் சம்பளம், ஓய்வூதியம், விடுப்பு, பணி நிரந்தரம் எல்லாவற்றையும் ஒரு தட்டிலும், தனியார் துறையில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒப்பந்த வேலையை மறு தட்டிலும் வைத்துப் பார்த்தால், வெற்றி வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தபோதும் ஒருமுறை முயன்று பார்ப்பது பொருளுள்ள செயல்தான். ஒருவருக்குப் பொருளுள்ளதாக இருப்பது 23 இலட்சம் பேருக்கும் அப்படியே இருக்கிறது. அங்கேதான் சிக்கல்.

ஹாரிஸ், டொடாரோ என்ற இரு பொருளியலாளர்கள் கிராமத்திலிருந்து நகரத்துக்கு மக்கள் நகர்வதைப் பற்றி 1970-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். நல்ல சம்பளமுள்ள நகர வேலைகளைக் கூட்டினால், அவற்றை எதிர்பார்த்து வந்து சேர்வோர் அதைவிட அதிகமாகி, நகரத்தின் வேலையின்மை கூடவும் செய்யலாம் என்பது அவர்கள் வாதம். அரசு வேலைக்கும் இது அப்படியே பொருந்தும். காலியிடங்களைக் கூட்டினால் வரிசை கலையும் என்று அரசியல்வாதிகள் சொல்வதுண்டு. அறிவிப்பு வந்தவுடன் வரிசை நீள்வதைத்தான் நான் கண்டிருக்கிறேன். நியமனத்தை நிறுத்தினாலாவது கலையுமா? தமிழ்நாட்டில் 2001 முதல் 2006 வரை பெரும்பாலான அரசுப் பணி நியமனங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்தக் காலத்தை ஆராய்ந்த பொருளியலாளர் குணால் மங்கல், பட்டதாரி இளைஞர்கள் வேறு வேலைக்குத் திரும்பிவிடாமல், தேர்வுக்குப் படிப்பதில் முன்னிலும் அதிகக் காலத்தைச் செலவிட்டதாகக் கண்டார். காலியிடம் வந்தாலும் காத்திருக்கிறார்கள், வராவிட்டாலும் காத்திருக்கிறார்கள். அரசு வேலைக்கும் அடுத்த நிலையில் கிடைக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளி குறையாத வரையில் இது மாறப் போவதில்லை.

இதற்கு அடுத்த காரணம் பட்டத்தின் மதிப்பே தேய்ந்துபோவது. ஒரு வேலைக்கு ஆயிரம் பேர் விண்ணப்பித்தால், அத்தனை பேரையும் நேரில் பார்த்துத் திறனை அளக்க எந்த நிறுவனத்துக்கும் பொறுமையில்லை. ஆகவே ஒரு பட்டத்தைத் தகுதியாக வைத்து ஒரே வீச்சில் பாதிப் பேரைக் கழிக்கிறார்கள். எல்லோரும் அந்தப் பட்டத்தைப் பெற்றுவிட்டால் அடுத்த பட்டத்தைக் கேட்கிறார்கள். வேலை மாறவில்லை, முன்பு பள்ளி இறுதி படித்தவர் உட்கார்ந்து செய்த அதே குமாஸ்தா வேலைக்கு இப்போது முதுகலை கேட்கப்படுகிறது. இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா ஆகிய நாடுகளை ஒப்பிட்டுச் சமூகவியலாளர் ரொனால்ட் டோர் 1970-களில் இதைச் சுட்டிக்காட்டினார். எந்த நாடு எவ்வளவு பிந்தி வளர்ச்சிப் பாதையில் இறங்குகிறதோ, அங்கே பட்டத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை அவ்வளவு கூடுதலாக இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. அரங்கத்தில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்வரிசையும் எழுந்து நிற்கிறது. கடைசியில் எல்லோருக்கும் கால் வலிக்கிறதே தவிர யாருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரிவதில்லை. இரண்டாவது முதுகலைப் பட்டம் பற்றி நீங்கள் கேட்டதற்கு இங்கேயே பாதிப் பதில் இருக்கிறது.

இனி, பலரும் முதலில் சொல்வதையும் நான் வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளியதையும் சொல்கிறேன்: படிப்பின் தரம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வகத்துக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். வேதியியல் முதுகலையில் முதல் வகுப்பு பெற்ற ஒரு பெண் வந்தார். வினைவழிமுறை பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பாடநூல் வாக்கியங்களாகவே பதில் சொன்னார். பிறகு குழுத் தலைவர் மேசைமேல் இருந்த பியூரெட்டை (கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) காட்டி, ஓர் அமிலக் கரைசலின் செறிவைக் கண்டறியச் சொன்னார். அந்தப் பெண் பியூரெட்டின் திருகைத் திறந்தார், லேசாக நிறம் மாறியதும் நிறுத்த வேண்டிய முடிவுநிலை தாண்டிக் கரைசல் முழுதும் கருஞ்சிவப்பானது. மறுபடி முயன்றார், மறுபடியும் அப்படியே. கண்கள் கலங்க அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "எங்கள் வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரு பியூரெட், சார். நான் அளவு குறிக்கிறவள்." ஐந்து ஆண்டுகள் வேதியியல் படித்து, ஐந்து ஆண்டுகளும் வேறொருவர் எடுத்த அளவுகளைக் குறித்துக்கொண்டு, முதல் வகுப்பும் வாங்கியிருந்தார். அதற்கு வழி செய்தது அவருடைய கல்லூரியும் தேர்வு முறையும். பழி விழுந்தது அவர்மேல்.

அன்று நாங்கள் பட்டயப் படிப்பு முடித்து இரண்டாண்டு அனுபவமிருந்த வேறொருவரைத் தேர்ந்தெடுத்தோம். அதில் எனக்கு இன்றுவரை உறுத்தல் உண்டு. அந்தப் பெண்ணுக்குக் கைப்பழக்கம் வர மூன்று வாரப் பயிற்சி போதுமாயிருந்திருக்கும். ஆனால் அந்த மூன்று வாரச் சம்பளத்தை யார் தருவது? நிறுவனம் தராது, பயிற்சி கொடுத்தவுடன் ஆள் வேறிடம் போய்விடுவார் என்று அஞ்சும். கல்லூரி தராது, அதன் பொறுப்பு சான்றிதழோடு முடிந்துவிட்டது. அரசு தருவதாகச் சொல்லும் பயிற்சித் திட்டங்களில் வருகைப் பதிவேடு நிரம்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இதனால்தான் 'பட்டதாரிகளிடம் திறன் இல்லை' என்ற முதலாளிகளின் குரலை நான் பாதிக்கு மேல் ஏற்பதில்லை. திறனுக்கு உண்மையிலேயே பஞ்சம் என்றால் திறனுள்ளவரின் சம்பளம் ஏறியிருக்க வேண்டும். தொடக்கநிலைச் சம்பளம் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கும் ஒரு துறையில் ஆள் பற்றாக்குறை என்று சொல்வதில் பொருள் இல்லை. 'அனுபவம் உள்ளவர் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்று தொடக்கநிலை வேலைக்கே விளம்பரம் செய்யும் நிறுவனங்கள், அந்த அனுபவத்தை வேறு யாரோ தங்கள் செலவில் தந்துவிட வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கின்றன.

வளரும் நாடுகளில் நிறுவனங்களின் அளவும் ஒரு காரணம். பெரும்பாலானவை ஐந்து, பத்துப் பேர் வேலை செய்யும் சிறு நிறுவனங்கள். அவற்றில் மனிதவளத் துறை கிடையாது, விளம்பரம் கிடையாது. உரிமையாளருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் உள்ளே வருகிறார். இதைச் சிபாரிசு என்று நாம் பழிக்கிறோம், பழிக்கத் தக்க சிபாரிசும் உண்டு. ஆனால் மதிப்பெண் பட்டியலை நம்ப முடியாத உரிமையாளருக்கு, நம்பகமான ஒருவர் சொல்லும் வார்த்தை மலிவான உத்தரவாதமாக இருக்கிறது. குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போனவருக்கு அந்த வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை. சமமான பட்டம் பெற்ற இருவரில் ஒருவருக்கு மூன்று மாதத்திலும் இன்னொருவருக்கு மூன்று ஆண்டிலும் வேலை கிடைப்பதன் காரணம் பல நேரம் இவ்வளவுதான்.

மொழியும் அப்படியே. இலங்கை 1940-களிலேயே பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வியைக் கொண்டுவந்து, பின்னர் தாய்மொழி வழியிலேயே பட்டமும் தந்தது. அது எளிய சாதனையன்று. ஆனால் நல்ல சம்பளமுள்ள தனியார் வேலைகள் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டன. சிங்களப் பல்கலைக்கழக மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்று ஒரு பெயர் உண்டு. தம்மை வெட்டி வீழ்த்தும் கருவியாக அதைக் கண்டார்கள். படித்த இளைஞர்களின் ஏமாற்றம் 1971 ஏப்ரலில் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. அதே ஆண்டு பொருளியலாளர் டட்லி சீயர்ஸ் தலைமையில் அங்கே சென்ற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் குழு, கல்வி ஊட்டிய எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் தரக்கூடிய வேலைக்கும் உள்ள பொருத்தமின்மையே சிக்கலின் மையம் என்று எழுதியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல நாடுகளில் அந்த வரியை மாற்றி எழுத வேண்டிய தேவை வரவில்லை.

ஒரு சிறு இடைச்செய்தி. 2010 டிசம்பர் 17 அன்று துனிசியாவின் சிதி பூசித் நகரில் தீக்குளித்து, அரபு நாடுகளின் மக்கள் எழுச்சிக்குத் தூண்டுதலான பழ வியாபாரி முகமது புவாசிசியைப் 'பல்கலைக்கழகப் பட்டதாரி' என்று உலகச் செய்தி நிறுவனங்கள் பலவும் எழுதின. அவர் பள்ளிப் படிப்பையே முடித்தவர் அல்லர். பட்டதாரி ஒருவர் தள்ளுவண்டியில் பழம் விற்பது அந்த நாட்டில் அவ்வளவு நம்பத்தக்கதாக இருந்ததால், யாருக்கும் சரிபார்க்கத் தோன்றவில்லை.

உங்கள் மகள் பெண் என்பதையும் விட்டுவிட முடியாது. தொலைவான ஊர், இரவுப் பணி, தங்குமிடம் என்று ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் தேடலைச் சுருக்குகிறது. பாதுகாப்பான வேலை நேரமும் மகப்பேறு விடுப்பும் உள்ள இடம் என்பதால் படித்த பெண்கள் அரசு வேலையையே நாடுவது எகிப்து உட்படப் பல நாடுகளில் காணப்படும் போக்கு. அரசு நியமனம் சுருங்கியபோது அங்கே பெண்கள் தனியாருக்கு மாறியதைவிட வேலைச் சந்தையை விட்டே விலகியது அதிகம். ஆய்வக வேலையை அவள் மறுத்ததற்குச் சம்பளம் மட்டும்தான் காரணமா, அல்லது போகவர உள்ள சிரமமும் வீட்டில் எழுந்த கேள்விகளும் சேர்ந்தனவா என்பதை நீங்கள் அவளிடம் ஒருமுறை பொறுமையாகக் கேட்க வேண்டும்.

தவறான படிப்பைத் தேர்ந்துவிட்டாள் என்று சிலர் உங்களிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு துறையில் சம்பளம் ஏறும் ஆண்டில் எல்லோரும் அந்தப் படிப்பில் சேர்கிறார்கள். நான்காண்டு கழித்து எல்லோரும் ஒன்றாக வெளியே வரும்போது அந்தச் சம்பளம் விழுகிறது. அதைக் கண்டு அடுத்த அணி விலகிப் போக, மீண்டும் பற்றாக்குறை வருகிறது. பொறியியலிலும் கணினிப் படிப்பிலும் இது நடந்திருக்கிறது. பதினேழு வயதில் எவராலும் இந்த அலையைக் கணிக்க முடியாது.

இப்போது கடன் விஷயம். இந்தியாவில் பட்டதாரிகளின் வேலையின்மை பற்றி பிளாக், லேயார்ட், உட்ஹால் ஆகிய பொருளியலாளர்கள் மூவர் 1969-இலேயே ஆராய்ந்து, நீண்ட காத்திருப்பைக் கணக்கில் சேர்த்த பிறகும் பட்டம் படிப்பது தனிமனிதருக்கு ஆதாயமாகவே இருந்தது என்று காட்டினார்கள். அந்த ஆதாயத்துக்கு ஒரு முக்கியக் காரணம், படிப்பின் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்றதுதான். நீங்கள் வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டப்போகும் இரண்டாவது முதுகலைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அது ஒரு புதிய கதவைத் திறக்கிறதா, அல்லது இருக்கும் வரிசையிலேயே இரண்டு ஆண்டு நிற்க ஒரு மரியாதையான இடத்தைத் தருகிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்குச் சட்டப்படியே ஒரு தகுதி தேவைப்படுகிறது, அந்தத் தகுதி உள்ளவர்களை எடுக்கும் இடங்கள் உண்மையாகவே இருக்கின்றன, கடந்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில் அதே படிப்பை முடித்த மூவரையாவது நேரில் கேட்டறிந்தீர்கள் என்றால் யோசிக்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் எவருக்கும், அவர் எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும், ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

போட்டித் தேர்வை விட்டுவிடச் சொல்லவில்லை. சில மதிப்பெண்களில் தவறியவருக்கு அடுத்த முறை வாய்ப்பு இருக்கிறது. ஆனால் எல்லையில்லாமல் எழுதக் கூடாது. இன்னும் இரண்டு முறை, அல்லது இருபத்தேழு வயது வரை என்று அவளே ஓர் எல்லையைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த எல்லையை நீங்கள் குறித்துக் கொடுத்தால் அது தண்டனையாகிவிடும். அதற்குள்ளும் முழுநேரமும் தேர்வுக்கே ஒதுக்க வேண்டியதில்லை. வேலையில் இருந்துகொண்டு படிப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் வேலையில்லாத ஆண்டுகள் நீள நீள, அடுத்த நேர்காணலில் 'இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அதைவிடக் கடினமாகிக்கொண்டே போகும்.

அந்தத் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வக வேலையைச் சம்பளத்தை வைத்து மட்டும் எடைபோட்டதுதான் உங்கள் வீட்டில் நடந்த ஒரே பிழை என்று எனக்குப் படுகிறது. ஈராண்டு அங்கே அவள் தன் கையால் மாதிரி எடுத்து, கருவிகளை அளவுத்திருத்தம் செய்து, அறிக்கையில் கையெழுத்திட்டிருந்தால், மருந்து, உணவு, சாயம், சிமென்ட் ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் கேட்கும் 'அனுபவம்' என்ற அந்த ஒரு சொல் அவள் பயோடேட்டாவில் இருந்திருக்கும். குறைந்த சம்பளத்தை, நேர்காணலில் நான் கண்ட அந்தப் பெண்ணுக்கு எவரும் தராத பயிற்சிக்கான கட்டணமாக எண்ணிக்கொள்ளலாம். ஆனால் குறைந்த சம்பள வேலைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்திவிடாது. கருவியைத் தொடாமல் பதிவேடு மட்டும் எழுத வைக்கும் இடமாக இருந்தால் அது மறுபடியும் அளவு குறிக்கிற வேலைதான். சேர்வதற்கு முன் ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்து, முந்திய ஊழியர்கள் அங்கிருந்து எங்கே போனார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

மகனோடு ஒப்பிடுவதைச் சாப்பாட்டு நேரத்திலாவது நிறுத்திவிடுங்கள். அவனுடைய தொழில் மதிப்பானது, அதற்கு அவனைப் பாராட்டுங்கள். அக்காவின் எதிரே வைத்துப் பாராட்ட வேண்டியதில்லை. ஒருவேளை அவன்தான் உங்களுக்கு இப்போது பெரிய உதவியாக இருக்கக்கூடும்: கட்டடங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் மின்பணியாளருக்கு, எந்த ஆலையில் ஆய்வகம் இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறார், யார் வேலையை விட்டுப் போகிறார் என்பதெல்லாம் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். பழைய ஆய்வகத்திலும் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று மகளை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். விளம்பரம் வரட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். அத்தகைய இடங்களுக்குப் பெரும்பாலும் விளம்பரமே வருவதில்லை.